60 பின் டிவி கேமில் நாம் எழுதிய நிரலை ஓட்டும் கேசட்டைச் செய்யும் முறை

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் நகல்கள் ரஷ்யாவில் டெண்டி என்றும், போலந்தில் பெகாசஸ் என்றும், நம் ஊர்க் கடைகளில் வெறும் ‘டிவி கேம்’ என்றும் விற்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அசலின் 60 பின் கேசட் வாயிலை அப்படியே வைத்துக்கொண்டன. அமெரிக்காவுக்குச் சென்ற 72 பின் கருவியில் இருந்த, அனுமதியற்ற கேசட்டுகளைத் தடுக்கும் பூட்டுச் சிப் இவற்றில் இல்லாததால், வெறும் இரண்டு நினைவகச் சிப்புகளைக் கொண்டே ஒரு கேசட்டைச் செய்துவிடலாம்.

முதல் முயற்சிக்கு மேப்பர் (நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றிக் காட்டும் கூடுதல் சுற்று) இல்லாத எளிய அமைப்பே போதும். அதில் நிரலுக்கு 32 கேபியும் படங்களுக்கு 8 கேபியும் கிடைக்கும். மேப்பர் சேர்த்தால் இடம் கூடும் என்பது உண்மையே. ஆனால் பிழை நிரலில் உள்ளதா, வயரில் உள்ளதா என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிடும்.

ஏடி28சி256 என்ற 28 கால் ஈஈப்ராம் நினைவகச் சிப்புகள் இரண்டை, நிரலுக்கு ஒன்றும் படங்களுக்கு ஒன்றுமாக, வாங்கிக்கொள்ளுங்கள். இவை 5 வோல்ட்டில் இயங்குபவை. புற ஊதா விளக்கு இல்லாமலே அழித்து எழுதத் தக்கவை. 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். சிப்புகளை நேரடியாகச் சாலிடர் செய்யாமல் சாக்கெட்டில் பொருத்தினால், நிரல் மாறும்போதெல்லாம் கழற்றி, டிஎல்866 போன்ற புரோகிராமரில் வைத்து மீண்டும் எழுதலாம். பலகைக்குப் பழுதான பழைய கேசட் ஒன்றே சிறந்தது. அதன் தங்கமுலாம் பூசிய விளிம்பு வாயிலுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பொதுவாகக் கிடைக்கும் 1.6 மி.மீ. பலகை அந்த அளவுக்குப் பொருந்தாது. கறுப்புப் பிசின் குமிழுக்கு உள்ளே இருக்கும் பழைய சிப் புதிய சிப்புகளோடு மோதாதவாறு, விளிம்பிலிருந்து அதற்குச் செல்லும் தடங்கள் அனைத்தையும் கத்தியால் அறுத்துவிட்டு, எஞ்சிய தட முனைகளில் வயர்களைச் சாலிடர் செய்யுங்கள்.

நிரல் சிப்பின் ஏ0 முதல் ஏ11 வரையிலான முகவரிக் கால்கள் விளிம்பின் 13-இலிருந்து 2 வரை இறங்குவரிசையில் சேரும். ஏ12, ஏ13, ஏ14 ஆகியவை 33, 34, 35 பின்களுக்கும், டி7 முதல் டி0 வரையிலான தரவுக் கால்கள் 36 முதல் 43 வரையிலும் செல்லும். சிப்பின் 20-ஆம் காலை 44-ஆம் பின்னோடும், 22-ஆம் காலைத் தரையோடும் (கிரவுண்ட்) இணைக்க வேண்டும். 27-ஆம் காலை மறவாமல் 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள். அதை அந்தரத்தில் விடக் கூடாது.

படச் சிப்பில் ஏ0 முதல் ஏ6 வரை 25-இலிருந்து 19 வரையிலும், ஏ7 முதல் ஏ12 வரை 50 முதல் 55 வரையிலும் சேரும். டி0 முதல் டி3 வரை 26 முதல் 29 வரையிலும், டி4 முதல் டி7 வரை 60-இலிருந்து 57 வரையிலும் அமையும். 8 கேபி மட்டுமே பயன்படுவதால் ஏ13, ஏ14 கால்கள் தரைக்குப் போகும். 20-ஆம் கால் 56-ஆம் பின்னோடும், 22-ஆம் கால் 17-ஆம் பின்னோடும் இணையும். இங்கும் 27-ஆம் காலுக்கு 5 வோல்ட்தான். மின்சாரத்தை 30-ஆம் பின்னிலும், தரையை 1, 16 ஆகியவற்றிலும் எடுத்து, ஒவ்வொரு சிப்பின் அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள்.

விளிம்பிலேயே முடியும் இணைப்புகள் மூன்று உண்டு. 45-ஐயும் 46-ஐயும் இணைக்காவிட்டால் ஒலி வராது. 48-ஐ 49-உடன் இணைக்காவிட்டால் பின்னணிப் படம் குப்பையாகும். 18-ஆம் பின்னைக் கிடைமட்டமாக நகரும் ஆட்டத்துக்கு 53-இலும், செங்குத்தாக நகரும் ஆட்டத்துக்கு 54-இலும் சேருங்கள்.

நிரலை சிசி65 (cc65) என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் எழுதலாம். நிரல் 32 கேபி என்றால் அதில் உருவாகும் கோப்பு 40,976 பைட் இருக்க வேண்டும். முதல் 16 பைட் எமுலேட்டருக்கான (கணினியில் இந்தக் கருவியைப் போலவே இயங்கும் மென்பொருள்) தலைப்பு என்பதால் அதை வெட்டிவிட்டு, அடுத்த 32,768 பைட்டை நிரல் சிப்பிலும், மீதமுள்ள 8,192 பைட்டைப் படச் சிப்பின் தொடக்கத்திலும் எழுதுங்கள். நிரல் 16 கேபி மட்டுமே என்றால் அதையே அடுத்தடுத்து இருமுறை எழுத வேண்டும். செயலி தொடக்க முகவரியை நிரல் பகுதியின் கடைசி ஆறு பைட்டுகளுக்குள்தான் தேடும்.

வாயிலில் செருகும் முன் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே ஷார்ட் இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள். செருகுவதும் எடுப்பதும் கருவி அணைந்திருக்கும்போது மட்டுமே. திரை ஒரே நிறத்தில் உறைந்து நின்றால் நிரல் சிப்பின் முகவரி வயர்களையும் அந்த ஆறு பைட்டுகளையும் பாருங்கள். ஆட்டம் சீராக ஓடி உருவங்கள் மட்டும் கோடுகோடாகச் சிதைந்தால், படச் சிப்பின் தரவு வயர்களில் ஏதோ இரண்டு இடம் மாறியிருக்கலாம். இசை சற்று மெதுவாக ஒலித்தால் வயரைச் சந்தேகிக்க வேண்டாம்: ஜப்பானிய அசல் நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) காட்டியது, பால் (PAL) முறைத் தொலைக்காட்சிக்கான நகலோ 50-தான் காட்டும், அந்த வேறுபாட்டை நிரலில்தான் சரிசெய்ய வேண்டும்.