கீமோ நடக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீமோ வார்டில் பல வருடங்கள் நர்ஸாக இருந்தவள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யார் வீட்டிலாவது புற்றுநோய் என்று உறுதியானால், மகனோ மருமகளோ பைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "சிஸ்டர், கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். பார்த்தால், வார்டில் பார்த்த அதே குழப்பங்கள்தான். என் சித்தப்பாவுக்குக் கீமோ நடந்த காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தும் இதேதான்.

ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள், சொன்ன தேதியில் போங்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுகிறேன். நன்றாகப் படித்த குடும்பங்கள் முழு அக்கறையோடு செய்கிற தவறுகள் சில உண்டு. அதில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராத்திரி ஜுரத்துக்கு மாத்திரை போட்டுவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

கீமோ முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் சில நாட்கள் வாந்தி, அசதி. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். கவனமாக இருக்க வேண்டிய நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன.

பெரும்பாலான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. எலும்பு மஜ்ஜை ஓயாமல் ரத்த அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் அதற்கும் அடி விழுகிறது. மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு என்றாலும், பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அவற்றில் கிருமியோடு முதலில் மோதுவது நியூட்ரோபில். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்க வேண்டியது, 500க்கும் கீழே போகலாம். சீழ், சிவப்பு, வீக்கம் எல்லாம் இந்த அணுக்கள் சண்டை போடுவதால் வருபவை. அணுக்களே இல்லாதபோது அவையும் அநேகமாக இருக்காது. பல பேருக்கு வெளியே தெரிகிற ஒரே அடையாளம் ஜுரம்தான். மாத்திரை போட்டு அதையும் அமுக்கிவிடுகிறோம்.

அம்பத்தூரிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவைக் கூட்டி வந்தாள். மிகவும் பொறுப்பான பெண். கோடு போட்ட நோட்டில் நேரம், ஜுரம், மாத்திரை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். ராத்திரி 9 மணி, 101.2, டோலோ. 11 மணி, 99. விடியற்காலை 3 மணி, 101.8, டோலோ. 5 மணி, 98.8. "குறைஞ்சிட்டேதான் சிஸ்டர் இருந்தது" என்றாள். காலையில் ஓபியில் டோக்கன் வாங்கி, அப்பாவை வரிசையில் உட்கார வைத்திருக்கிறாள். நான் தொட்டபோது கை சில்லிட்டுப் போயிருந்தது. பிரஷர் 80க்குக் கீழே. நேராக ஐசியூ. மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த கீமோ தள்ளிப்போனது, மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று, அந்தப் பெண்ணின் வளையல்கள் அடகுக்குப் போயின. அந்த நோட்டில் குறைந்தது மாத்திரையால் குறைந்த ஜுரம். தொற்று குறையவே இல்லை.

எனக்கு எரிச்சல் அவள்மேல் இல்லை. 'ஜுரம் வந்தால் உடனே வரவும்' என்பதை டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியில், பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, சொல்லியாயிற்று என்று இருந்துவிடுகிறோமே, அதன்மேல்தான். ஜுரம் என்றால் எவ்வளவு? உடனே என்றால் எப்போது? சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். அதைத் தொட்டால் மருத்துவமனைக்குப் போன் போட்டுவிட்டு அப்போதே கிளம்ப வேண்டும். மணி பன்னிரண்டானாலும், மழை கொட்டினாலும் சரி. ஓபி வரிசைக்கு இல்லை, கேஷுவால்டிக்கு. வண்டி கிடைக்காவிட்டால் 108. உள்ளே போனதும் முதலில் சொல்ல வேண்டியது: "கீமோ நடக்குது, கடைசியா போட்டது இந்தத் தேதி, இப்ப ஜுரம் இவ்வளவு." வெறுமனே "காய்ச்சலுங்க" என்றால், நவம்பர் மாதச் சென்னையில் நீங்களும் டெங்கு சந்தேகத்தோடு காத்திருக்கும் கூட்டத்தில் ஒருவர். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் இதற்கான சிகிச்சை விதி.

தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம். வெள்ளை அணுக்களோடு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அப்புறம், ஜுரம் இல்லாமலே குளிர் நடுக்கம், திடீர் மயக்கம், சம்பந்தமில்லாத பேச்சு வந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு ஜுரத்தை மறைக்கும். வயதானவர்களுக்கு ஜுரம் ஏறாமலே போவதும் உண்டு.

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அட்டையைப் பிரித்து, பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்த்து, தலைமாட்டில் வையுங்கள். உடம்பு வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுப்பதாக இருந்தாலும், முதலில் ஜுரம் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எடுத்த கட்டியைக் குப்பையில் போடுவது

பரிசோதனைக்குச் சதை எடுக்கும் பயாப்ஸி ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஊசி வழியாகப் பரவுவது மிக அரிது. அதையும் யோசித்துத்தான் எந்த இடத்தில், எப்படி எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். இதைவிட மோசம், 'சாதாக் கொழுப்புக் கட்டிதான்' என்று பக்கத்து நர்சிங் ஹோமில் எடுத்துவிட்டு, பரிசோதனைக்கே அனுப்பாமல் விடுவது. உடம்பிலிருந்து எடுத்த கட்டி எதுவானாலும் லேபுக்குப் போக வேண்டும். லேபில் அந்தச் சதையை வைத்துத் தயாரிக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் பத்திரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

முள்சீத்தா, கோதுமைப்புல், யாரோ கொடுத்த பொடி

இதில் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: டாக்டரிடம் மறைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கணக்கு ஏறினால், கெடுத்தது கீமோவா பொடியா என்று அவருக்குத் தெரியாது. கீமோவைத்தான் நிறுத்துவார். வேகவைக்காத புல் சாறு, வெள்ளை அணு குறைந்திருக்கும் வாரத்தில் கிருமியையும் சேர்த்துக் குடிப்பதற்குச் சமம்.

சோற்றை நிறுத்துவது

'சர்க்கரைதான் கேன்சருக்குச் சாப்பாடு' என்று வாட்ஸ்அப்பில் வந்தது என்று சோறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து வராவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். எடை இறங்கும், கீமோவைத் தாங்க முடியாமல் போகும். சர்க்கரை நோய் இருந்தால் அதற்கான அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வேகவைத்த முட்டை, மீன் குழம்பு, பருப்பு, சூடான இட்லி என்று வாய்க்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிடட்டும். கடைச் சட்னியும் நறுக்கி வைத்த பழமும் வேண்டாம்.

மாவா

"சிகரெட் பிடிக்கறதில்ல சிஸ்டர், மாவா மட்டும்தான்." பாக்கோடு கலந்திருந்தாலும் அதுவும் புகையிலைதான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் வாய்ப் புற்றுநோய் தரும்.

பணம் தீர்ந்தபின் காப்பீட்டைத் தேடுவது

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முதல் கீமோவுக்கு முன்பே அட்டையை வாங்கிவிடுங்கள். கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கும் சென்ட்ரல் எதிரே ஜிஹெச்சுக்கும் ஓடி வருகிறவர்கள் அதிகம்.

நோயாளியிடம் மறைப்பது

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை வந்த நாளிலிருந்து, சென்னையில் 'அடையாறு' என்றாலே எதற்கென்று புரிந்துவிடும். அங்கேயே கூட்டிக்கொண்டு போய், 'சும்மா செக்கப்' என்று சொன்னால் எந்த அம்மா நம்புவார்? தெரியாத மாதிரி அவரும் நடிப்பார். எங்கே வலிக்கிறது என்பதையும் சொல்லாமல் விழுங்குவார்.

சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது

ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு டமாக்ஸிஃபன் போன்ற மாத்திரை தருவார்கள். குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10 வருடம் வரை. முடி வளர்ந்து, கல்யாணம் காட்சிக்குப் போக ஆரம்பித்ததும், 'உடம்பு சூடாகுது, வேர்த்துக் கொட்டுது' என்று இரண்டாம் வருடத்தில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். வேர்வைக்கு வழி உண்டு, மாத்திரையை மாற்றவும் சில நேரம் முடியும். டாக்டரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் போகும்போது மகளையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் எந்த வயதிலிருந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டு வாருங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை 30 வயதிலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.