சிறுகதையில் உரையாடல்: சறுக்கும் இடங்கள்

புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் படித்துப் பார்க்கக் கொடுத்தால், நான் முதலில் புரட்டுவது உரையாடலைத்தான். வர்ணனையில் எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆள் வாயைத் திறந்ததும் குட்டு உடைந்துவிடும்.

பெரிய தவறு, வாசகருக்குத் தெரிய வேண்டியதைப் பாத்திரத்தின் வாயில் திணிப்பது. "அண்ணே, அப்பா செத்து மூணு வருஷமாச்சு, அவர் வாங்கின கடனுக்கு வடக்குத் தோட்டத்தை வித்துத்தான் ஆகணும்" என்கிறான் தம்பி. ஏன், அண்ணனுக்குத் தெரியாதா? இப்படி எழுதிப் பாருங்கள்:

"அந்த ஆளு இன்னைக்கும் வந்துட்டுப் போனாண்ணே."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். "வடக்குத் தோட்டத்துப் பத்திரம் எங்க இருக்கு?"

கடன் என்ற சொல்லே வரவில்லை. அப்பா இறந்ததை இரண்டு பத்தி தள்ளிச் சொல்லிக்கொள்ளலாம், அவசரமில்லை.

அடுத்தது வட்டார வழக்கு. வரிக்கு ஒரு 'ஏலே' போட்டால் திருநெல்வேலி வந்துவிடாது. அங்கே ஒத்த வயதுக்காரனையோ சின்னவனையோதான் 'லே' போட்டுப் பேசுவார்கள். அப்பாவிடம் சொன்னால் அடி விழும். உறவுச் சொற்கள் இன்னும் ஆபத்து. நெல்லையில் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் அக்காவும் ஆச்சிதான். நானே ஒரு கொங்குக் கதையில் அப்பாவைப் பெற்றவரை 'அப்புச்சி' என்று எழுதிவைத்தேன். அங்கே அப்புச்சி அம்மாவின் அப்பா, இவர் அப்பாரு. "ஏனுங்க, உங்க கதையில அப்பா வீட்டோட மாப்பிள்ளைங்களா?" என்று கேட்டார் ஈரோட்டு நண்பர். காதில் விழுந்து பழகாத வழக்கை அதற்கப்புறம் நான் தொடுவதில்லை. கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்.

கர்ஜித்தான், முழங்கினான், வினவினான் எல்லாம் வேண்டாம். 'என்றான்' போதும், கண்ணில் உறுத்தாது. ஆனால் அது பெரும்பாலும் பேச்சு முடிந்த பிறகுதான் வரும். ஆறு வரிப் பேச்சுக்குப் பின்னால் 'என்றாள் மாமியார்' என்று வந்தால், அதுவரை மருமகள் குரலில் படித்தவர் திரும்ப மேலே போக வேண்டும். மாமியார் வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதை முன்னால் ஒரு வரி எழுதிவிட்டால் 'என்றாள்' தேவையே இல்லை.

எழுதி முடித்ததும் வீட்டில் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, எதிரே பேனாவோடு உட்கார்ந்துகொள்வேன். குரல் தடுக்குகிற இடத்தில் ஒரு கோடு. கோடு போட்டதில் பாதியைத் திருத்த முடியாது, வெட்டத்தான் வேண்டியிருக்கும்.