வேக சென்சார் சமிக்ஞையை இன்ஜின் கணினிக்கு ஏற்றபடி மாற்றுதல்

கியர்பாக்ஸ் ஒரு வண்டியினுடையதாகவும், இன்ஜினும் அதன் கணினியும் பழைய ஜப்பானிய கார் ஒன்றினுடையதாகவும் இருந்தால், வேக சென்சாரின் சமிக்ஞை பெரும்பாலும் அப்படியே பொருந்தாது. வேகம் தெரியாவிட்டால், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதைக் கணினியால் பிரித்தறிய முடியாது. அதனால் பிழைக்குறியீடு பதிவாவதுடன், வேகம் குறைந்து நிற்கும் தருணத்தில் இன்ஜின் அணைந்துபோகவும் கூடும். இங்கே அலையின் வடிவத்தையும் துடிப்புகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும்.

காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட இரு கம்பி சென்சார் தருவது மாறுமின் அலை; கணினிக்கு வேண்டியதோ ஆன்-ஆஃப் துடிப்பு. அதன் மின்னழுத்தம் மெதுவான ஓட்டத்தில் மிகவும் தாழ்ந்தும், வேகம் கூடும்போது உயர்ந்தும் இருக்கும். மின்னழுத்தம் ஒரு நிலையான வரம்பைத் தாண்டும்போது துடிப்பு தரும் சாதாரண ஒப்பீட்டுச் சுற்று, ஒன்று மெதுவான துடிப்புகளைத் தவறவிடும், இல்லையேல் இரைச்சலையும் சேர்த்து எண்ணும். அலையின் உயரத்துக்கேற்பத் தன் வரம்பை மாற்றிக்கொள்ளும் எல்எம்1815 போன்ற சிப்பே இதற்கு உகந்தது. சென்சாரிலிருந்து முறுக்கிய கவசக் கம்பியைக் கொண்டுவந்து, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஜப்பானியத் தரப்படி ஸ்பீடோமீட்டர் கேபிள் கிலோமீட்டருக்கு 637 முறை சுழலும். சுற்றுக்கு 4 துடிப்பு என்றால், கணினி எதிர்பார்ப்பது 2,548 துடிப்புகள். இனி டயரில் சுண்ணாம்புக் குறியிட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, கடந்த தூரத்தை அளக்க வேண்டும். பக்கச்சுவரில் அச்சிட்ட அளவைக் கொண்டு கணக்கிடுவதைவிட இதுவே நம்பகமானது, ஏனெனில் எடை தாங்கிய டயர் சற்று அமுங்கியே உருளும். அந்தத் தூரம் 1.94 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 4.1, கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டில் 40 பல் சக்கரம் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 84,536 துடிப்புகள் வரும். வகுக்க வேண்டிய எண் 33.18. கையில் இருக்கும் 32 வகுப்பான் சிப்பைப் போட்டு முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் 100 கி.மீ. வேகம் 103.7 ஆகத் தெரியும்.

ஆகவே நிரல் எழுதி இயக்கும் சிறிய சிப்பான மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றைப் பயன்படுத்துவது நல்லது. உள்ளே வரும் ஒவ்வொரு துடிப்புக்கும் கூட்டுத்தொகையில் 5,096 சேர்த்து, அது 84,536-ஐ எட்டியதும் அவ்வளவைக் கழித்து, வெளியீட்டின் நிலையை மாற்ற வேண்டும். இருமுறை நிலை மாறினால் ஒரு முழுத் துடிப்பு என்பதால்தான் 2,548 இரட்டிக்கப்படுகிறது. பின்ன மிச்சம் எதுவும் வீணாவதில்லை, வண்டி நின்றால் வெளியீடும் தானாகவே நின்றுவிடுகிறது என்பதால், இடைவெளியை அளந்து புதிதாக அலை உருவாக்கும் முறையைவிட இதையே நான் விரும்புகிறேன்.

வெளியீட்டில் ஓப்பன் கலெக்டராக, அதாவது கம்பியை எர்த்துடன் இணைத்தும் விடுவித்தும் துடிப்பு தரும் சுவிட்சாக, ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் போதும். இணைக்கும் முன், சாவியைத் திருப்பி, கணினியின் வேக முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 5 அல்லது 12 வோல்ட் இருந்தால் புல்-அப் (விடுவித்த கம்பியை மின்னழுத்தத்துக்கு உயர்த்தும் ரெசிஸ்டர்) உள்ளேயே இருக்கிறது, இல்லாவிட்டால் வெளியே ஒரு ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, உடன் வருபவர் ஒருவரை ஸ்கேனரின் வேகத்தையும் ஜிபிஎஸ் வேகத்தையும் ஒப்பிடச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் பிழை வந்தால் சுற்றளவு எண்ணைத் திருத்த வேண்டும். மெதுவாகப் போகும்போது மட்டும் எண் தாவினால், கோளாறு கணக்கில் இல்லை, அலையைச் சீராக்கும் சுற்றில் இருக்கிறது.