வயதான பெற்றோருக்கு ப்ரீபெய்டு போன்: வாங்கும்போது நடக்கும் தவறுகள்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு எளிய போன் வாங்கலாம் என்று முடிவானதும், பெரும்பாலோர் முதலில் போனைத்தான் தேடுகிறார்கள். பெரிய பட்டன், பெரிய எழுத்து, கையைக் கடிக்காத விலை. இருந்தால் உடனே வாங்கிவிடுகிறார்கள். அந்த போன் எந்த நெட்வொர்க்கில் ஓடும், ரீசார்ஜை யார் கவனிப்பார்கள், மணி அடித்தால் பெற்றோர் காதில் விழுமா என்பதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கருத்து. போனைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, பெற்றோர் வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதுதான். வாசலில் அல்ல, அவர்கள் படுக்கும் அறையிலும் சமையலறையிலும். உங்கள் வீட்டில் நன்றாக எடுக்கும் சிம் அங்கேயும் எடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அடுத்து, அலமாரியில் கிடக்கும் பழைய பட்டன் போனுக்கு உயிர் கொடுக்கலாம் என்ற ஆசை. பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகளை மூடிவிட்டார்கள், மூடிக்கொண்டும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-லேயே 3ஜியை நிறுத்திவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024-இல் அது முடிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் அந்தப் போன் ஆன் ஆகும், விளக்கு எரியும், பேச மட்டும் முடியாது. புதிதாக வாங்கும்போதும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். பெட்டியில் 4ஜி என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. 4ஜி வழியாகவே பேசும் வசதிக்கு வோல்டி என்று பெயர். அது இல்லாத 4ஜி போன், இன்டர்நெட்டுக்கு 4ஜியையும் பேசுவதற்குப் பழைய நெட்வொர்க்கையும் நம்பி இருக்கும். வோல்டி இருந்தாலும், நீங்கள் வாங்கப்போகும் சிம்மில் அந்த மாடலுக்கு அது வேலை செய்கிறதா என்று சிம் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். சிம்மோடு சேர்த்து விற்கும் மலிவு போன்கள் பல, அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பூட்டப்பட்டிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ப்ரீபெய்டில் விலையை விட வேலிடிட்டிதான் முக்கியம். வயதானவர்கள் பலர் அதிகம் பேசுவதில்லை. வருகிற அழைப்பை எடுப்பார்கள், வாரத்தில் சில முறை யாருக்காவது போடுவார்கள். பேலன்ஸ் அப்படியே இருக்கும், ஆனால் நாள் கணக்கு முடிந்திருக்கும். முதலில் வெளியே பேசுவது நிற்கும், அப்புறம் உள்ளே வரும் அழைப்பும் நிற்கும். இன்னும் விட்டுவிட்டால் எண்ணே ரத்தாகி, சில காலம் கழித்து வேறு யாருக்கோ போய்விடும். அந்த எண்ணுக்குத்தான் வங்கி ஓடிபி வருகிறது என்றால் இழப்பு இன்னும் பெரிது. எனவே மாதப் பிளான் எவ்வளவு மலிவு என்று பார்ப்பதை விட, ஒரு ரீசார்ஜ் எத்தனை நாள் தாங்கும், நாள் முடிந்தபின் எத்தனை நாள் அவகாசம் தருகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே தடவையில் பல மாதம் ஓடும் பிளான் கிடைத்தால் அதுதான் நிம்மதி. ஆட்டோ ரீசார்ஜ் போட்டால், பணம் எடுக்கும் கார்டு காலாவதியாகும் மாதத்தைக் குறித்துவையுங்கள். வேலிடிட்டி முடிகிறது என்ற எஸ்எம்எஸ் அவர்கள் போனுக்குத்தான் வரும், அதை அவர்கள் படிக்கப்போவதில்லை. தேதியை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

இன்டர்நெட்டே இல்லாத போனுக்கு டேட்டாவோடு பிளான் போடுவது வீண். ஆனால் எஸ்எம்எஸ்ஸை வெட்டிவிடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

காது விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் இதை யோசிப்பதில்லை. வயதாகும்போது பொதுவாக முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். பல மலிவு போன்களின் ரிங்டோன் சரியாக அந்தக் கீச்சுக் குரலில்தான் இருக்கும். வால்யூமைக் கூட்டினாலும் பலன் குறைவு. கனமான, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் ரிங்டோனாக மாற்றினால் அடுத்த அறையில் இருந்தும் கேட்கலாம். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு, அந்தக் கருவியோடு ஒத்துப்போகும் போனா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் போனைக் காதருகே கொண்டுபோனதும் இரைச்சல் வரலாம். பெட்டியில் எம் (M), டி (T) என்ற எழுத்துகளோடு 1 முதல் 4 வரை மதிப்பெண் போட்டிருந்தால் 3 அல்லது 4 உள்ளதை எடுங்கள். எதுவாக இருந்தாலும், வாங்கும் முன் அவர்கள் கருவியை மாட்டிக்கொண்டு ஒருமுறை பேசிப்பார்ப்பதற்கு ஈடு கிடையாது.

கைக்கும் இதே விதிதான். விரல் நுனி காய்ந்துபோனால் டச் ஸ்கிரீன் சில நேரம் தொடுதலை உணராது. கை நடுக்கம் இருந்தால் ஒரு தொடுதல் இரண்டாகிவிடும். அதற்காக டச் போனே கூடாது என்பதில்லை. பேரப்பிள்ளைகளை வீடியோவில் பார்க்க ஆசைப்படுகிறவருக்குப் பட்டன் போனைத் திணிப்பதும் தவறுதான். அவர்களிடமே கேளுங்கள். பட்டன் போன் என்றால், பட்டன்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, 5-இன் மேல் தடவினால் தெரியும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மடக்குப் போன் நல்லது. பல மாடல்களில் திறந்தால் அழைப்பு எடுக்கப்படும், மூடினால் முடிந்துவிடும். மூட்டுவலி உள்ளவர்களால் அதைத் திறக்க முடிகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். சார்ஜர் முனையைத் தட்டுத்தடுமாறிச் செருகுவதை விட, மேலே வைத்தாலே சார்ஜ் ஏறும் தாங்கியோடு வரும் மாடல் மேல்.

ஆபத்து நேரத்தில் அழுத்தும் எஸ்ஓஎஸ் பட்டன் இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுவது இன்னொரு தவறு. பல போன்களில் அதை அழுத்தினால், நீங்கள் சேமித்துவைத்த எண்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு ஒவ்வொன்றாக அழைக்கும். பிளானில் எஸ்எம்எஸ் இல்லை என்றால் செய்தி போகாது. முதல் எண்ணில் வாய்ஸ்மெயில் (ஆள் எடுக்காதபோது செய்தியைப் பதிவு செய்துகொள்ளும் வசதி) எடுத்துவிட்டால், யாரோ பேசிவிட்டார்கள் என்று போன் நினைத்து அடுத்த எண்ணுக்குப் போகாமலே நின்றுவிடக்கூடும். ஜிபிஎஸ் இல்லாத போன் இருக்கும் இடத்தையும் சரியாகச் சொல்லாது. வீட்டார் எண்களை மட்டும் போட்டு, எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டு, ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அவசர உதவி எண்ணுக்கு மட்டும் சோதனை அழைப்பு போடாதீர்கள்.

மோசடி அழைப்புகளுக்குப் பயந்து, சேமித்த எண்களைத் தவிர எல்லாவற்றையும் தடுக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மருத்துவமனை அழைத்தாலும் உள்ளே வராது. மருத்துவர், மருந்துக்கடை, பக்கத்து வீடு எல்லாவற்றையும் முதலில் சேமித்துவிட்டு அப்புறம் தடுங்கள்.

பழைய எண்ணை முடிந்தவரை மாற்றாதீர்கள். நிறுவனம் மாறினாலும் எண்ணை அப்படியே கொண்டுபோகும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. அவர்களுடைய நண்பர்களில் பலருக்கு அந்த ஒரு எண்தான் தெரியும்; புது எண்ணை எல்லோருக்கும் சொல்லி முடிப்பது அவர்களால் ஆகாது.

பெயர்களைச் சேமிக்கும்போது அவர்கள் கூப்பிடும் பெயரிலேயே, அவர்கள் வாசிக்கும் மொழியிலேயே போடுங்கள். முதல் சில நாட்கள் பழைய போனையும் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். அழைப்பை எடுப்பது, வைப்பது, உங்களுக்குப் போடுவது, இந்த மூன்றும் தடுமாறாமல் வந்தபின் மற்றதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.