சென்னை–சிங்கப்பூர்: கடிகாரத்தைக் கழித்து ஏமாறாதீர்கள்

சென்னையில் இரவு 11.30க்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் காலை 6.15க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும்போது அங்கே இரவு 9 மணிக்குக் கிளம்பி இங்கே 10.45க்கே வந்துவிடுகிறது. போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்காலா?

டிக்கெட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டுக்கும் நாலேகால் மணி நேரம்தான் வரும். வீட்டுப் பெரியவர்கள் யாராவது 'இரண்டு மணி நேர வித்தியாசம்தானே' என்றால் சண்டைக்குப் போகாதீர்கள், அவர்கள் காலத்தில் அது சரி. 1982 புத்தாண்டு பிறந்தபோதுதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது.

அடுத்தது தூரத்தை வேகத்தால் வகுக்கும் பழக்கம். வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், அப்படியானால் மூணேகால் மணி நேரம் போதுமே என்று தோன்றும். அந்த வேகம் உச்சிக்குப் போன பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது எல்லாமே டிக்கெட் நேரத்தில் அடக்கம். போதாக்குறைக்கு, வானத்திலும் வகுத்துவைத்த பாதைகள் உண்டு. வரைபடத்தில் நாம் இழுக்கும் நேர்கோட்டில் யாரும் பறப்பதில்லை.

தூரம் மைலில் இருந்தால் எந்த மைல் என்றும் பாருங்கள். விமானத் துறையின் கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609.

திருச்சி தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குப் பக்கம் என்பார்கள். உண்மையில் சென்னைதான் சற்றுப் பக்கம், அது கிழக்கே தள்ளி இருப்பதால். அதற்காகத் திருச்சிக்காரர்கள் சென்னைக்கு ஓடி வர வேண்டியதில்லை, வித்தியாசம் சில நிமிடங்கள்தான்.

கொழும்பு, கோலாலம்பூர் வழியாகப் போகும் மலிவு டிக்கெட்டில் 'மொத்தம் 9 மணி நேரம்' என்று இருந்தால், இடையில் உட்கார்ந்திருக்கும் நேரமும் அதில் சேர்ந்ததுதான்.

எல்லாவற்றையும்விடப் பணத்தைக் கரைப்பது நள்ளிரவுத் தேதி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கள் சித்தப்பா 15ஆம் தேதி இரவு பத்து மணிக்கு, மாலையும் கழுத்துமாக, வழியனுப்ப வந்த பதினோரு பேரோடு விமான நிலைய வாசலில் போய் நின்றார். அவருடைய விமானம் போய் முழுசாக இருபத்தோரு மணி நேரம் ஆகியிருந்தது.