துணையோடு ஒரே வீட்டில் குடியேறப் போகிறீர்களா? யுனிவர்சல் கிரெடிட் கணக்கை முதலில் பாருங்கள்

பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவி) வாங்கும் ஒருவர் துணையோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கினால், அதை வழங்கும் அரசுத் துறையான டிடபிள்யூபி அதன்பின் அவரைத் தனி ஆளாகப் பார்க்காது. இருவர் வருமானமும் சேமிப்பும் சேர்த்துத்தான் கணக்கு. நம் ஆட்கள் பலர் தடுமாறுவது இங்கேதான், "நாங்கள் இன்னும் ரெஜிஸ்டர் பண்ணவில்லை, கோயிலில் தாலி மட்டும்தான்" என்கிறார்கள், அல்லது தாலியும் கட்டவில்லை, வீட்டாருக்கே இன்னும் தெரியாது என்கிறார்கள். பதிவு இருக்கிறதா இல்லையா என்பது இதில் முடிவு செய்யாது. கணவன் மனைவிபோல ஒரே குடும்பமாக வாழ்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

துணை வாரத்தில் மூன்று இரவுவரை தங்கலாம், அதற்கு மேல் போனால்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு கதை வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அப்படி ஒரு விதியே கிடையாது. செலவை எப்படிப் பகிர்கிறீர்கள், பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள், உறவு எவ்வளவு நிலையானது, வெளியே உங்களைத் தம்பதியாகத் தெரியுமா என்று பல விஷயங்களைச் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். துணைக்கு வேறு ஓர் உண்மையான வீடு இருந்து, அங்கே வாடகை கட்டி, உங்களிடம் வந்து போகிறார் என்றால் அது வேறு. உங்கள் வீட்டில் அறை எடுத்திருக்கும் ஊர்க்காரரும் துணை ஆகமாட்டார். ஆனால் துணையின் உடுப்பு, கடிதம், சாப்பாடு எல்லாம் உங்கள் வீட்டில்தான் என்றால் இரவுகளை எண்ணிப் பார்ப்பதில் பலன் இல்லை.

சரி, காசு எவ்வளவு குறையும்? 2025–26 ஆண்டுக் கணக்கில் 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனி ஆளுக்கு மாதம் அடிப்படைத் தொகை 400.14 பவுண்ட், தம்பதிக்கு 628.10 என்று இருந்தது. இருவரும் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தால் சேர்ந்த பிறகு அதில் மட்டும் 172.18 பவுண்ட் போகும்.

துணை வேலை செய்பவர் என்றால் அடி இன்னும் பெரியது. ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் அம்மாவை எடுத்துக்கொள்வோம், அவர் வேலைக்குப் போகவில்லை. அதே 2025–26 தொகைகளில் அடிப்படை 400.14, பிள்ளைக்கு 292.81, வாடகைக்கு 900 என்று வைத்தால் மொத்தம் 1,592.95. இப்போது வரி எல்லாம் போக மாதம் 1,800 கையில் வாங்கும் ஒருவர் அந்த வீட்டுக்கு வருகிறார். தம்பதி அடிப்படையில் மொத்தம் 1,820.91 ஆகும், அதிலிருந்து கழிப்பு வரும்: சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள், மீதி 1,389இல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ், அதாவது 763.95 கழியும். கிடைப்பது 1,056.96. மாதம் ஏறக்குறைய 536 பவுண்ட் குறைவு. பிள்ளை அவருடையது இல்லை என்றாலும் கணக்கு இதுதான், அவர் சம்பளம் அந்தப் பிள்ளையின் குடும்ப வருமானம் ஆகிவிடுகிறது. அவர் அந்த 536ஐ வீட்டுச் செலவுக்குத் தருவாரா என்பதை மூட்டை கட்டும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பேசக் கூச்சம் என்று விட்டவர்கள் பிறகு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

சேமிப்பையும் கேளுங்கள். இருவருக்கும் சேர்த்து 16,000 பவுண்டைத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட் கிடையாது. 6,000க்கு மேல் போனாலே ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். தனி ஆளுக்கும் தம்பதிக்கும் இதே வரம்புதான்.

குடியேறும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். யுனிவர்சல் கிரெடிட்டை மாதாமாதம் கணக்கிடும் காலம் உங்களுக்கு 8ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 7இல் முடிகிறது என்று வையுங்கள். 6ஆம் தேதி குடியேறினால் அந்த முழு மாதமும் தம்பதிக் கணக்காகிவிடும், 8இல் குடியேறினால் முந்தைய மாதம் தனிக் கணக்காகவே முடியும். இரண்டு நாள் பொறுப்பதில் தப்பில்லை, ஆனால் 6இல் வந்துவிட்டு 8இல் வந்ததாகச் சொல்லாதீர்கள்.

சொல்வது எப்படி என்றால், ஆன்லைன் கணக்கில் மாற்றங்களைத் தெரிவிக்கும் பகுதிக்குப் போய்த் துணை வந்ததைப் பதியுங்கள். துணையும் தன் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். ஒரு கோட் வரும், அதை மற்றவர் போட்டால் இரண்டு கணக்கும் இணையும். யார் எந்த வேலை தேட வேண்டும், எவ்வளவு நேரம் என்ற ஒப்பந்தத்தில் இருவரும் தனித்தனியாகச் சம்மதம் தர வேண்டும், ஒருவர் மறுத்தாலும் கிளெய்ம் நின்றுபோகும். அப்புறம் கவுன்சிலுக்கும் தனியாகச் சொல்லுங்கள், டிடபிள்யூபியிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தனியாக வாழ்பவருக்கு கவுன்சில் டாக்ஸில் தரும் 25 விழுக்காடு தள்ளுபடி இதோடு நிற்கும்.

பிப் (உடல்நலக் குறைவோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்கான உதவி), கேரர்ஸ் அலவன்ஸ் (பிறரைப் பராமரிப்பவர்களுக்கான உதவி), ஸ்டேட் பென்ஷன் ஆகியவை துணையின் சம்பளத்தால் குறையாது. சைல்ட் பெனிஃபிட்டும் தொடரும், ஆனால் இருவரில் ஒருவர் ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் அவர் வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த பென்ஷன் வயதினருக்கான உதவி) வாங்கும் வயதானவர்கள் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். 2019 மே 15 முதல் தம்பதியில் ஒருவர் பென்ஷன் வயதுக்குக் கீழே இருந்தால் புதிதாகப் பென்ஷன் கிரெடிட் கேட்க முடியாது, யுனிவர்சல் கிரெடிட்தான். அது பெரும்பாலும் மிகக் குறைவு.

ஊரிலிருந்து விசாவில் வந்த துணைக்கு அரசு உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், நீங்கள் தனி ஆளாகவே கிளெய்ம் செய்வீர்கள், அடிப்படைத் தொகையும் தனி ஆளுக்குரியதுதான். ஆனால் அவர் சம்பளமும் சேமிப்பும் கணக்கில் வரும், அவர் வீட்டில் இருப்பதையும் சொல்லியே ஆக வேண்டும். அவர் பெயரில் எதையும் விண்ணப்பிக்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள், தவறினால் அவருடைய விசாவே சிக்கலாகலாம்.

எனக்குத் தங்கை முறையான ஒருத்தி ஏழு மாதம் சொல்லாமல் இருந்தாள், பயம்தான் காரணம். கூடுதலாக வாங்கியதை இன்றும் மாதாமாதம் பிடிக்கிறார்கள். தாமதமாகிவிட்டது என்றால் இன்றே சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடித்துக் கூப்பிட்டால் மோசடி விசாரணை வரை போகலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்கலாம், டர்ன்டுஅஸ் இணையதளத்தில் உங்கள் சொந்தத் தொகைகளைப் போட்டுக் கணக்கும் பார்க்கலாம்.

பெண்களுக்கு ஒன்று. தம்பதிக் கணக்கின் பணம் ஒரே வங்கிக் கணக்குக்கு வரும், அது யாருடையது என்பதை நீங்கள் இருவரும்தான் முடிவு செய்வீர்கள். பிள்ளைகள் இருந்தால் உங்கள் கணக்கைக் கொடுங்கள் என்றே சொல்வேன். அவர் காசைப் பூட்டி வைக்கிறார், அடிக்கிறார், மிரட்டுகிறார் என்றால் பணத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும்படி கேட்க வழி இருக்கிறது. ஜர்னலில் (ஆன்லைன் கணக்கில் அதிகாரிகளுக்குச் செய்தி எழுதும் பகுதி) எழுதினால் அவர் கண்ணில் படும் என்ற பயம் இருந்தால் ஃபோனிலோ ஜாப் சென்டரில் நேரிலோ கேளுங்கள், தனி அறை வேண்டும் என்றும் சொல்லலாம். அந்த வீட்டை விட்டு வெளியேறினால் அன்றே தெரிவித்துவிட்டுத் தனி ஆளாகக் கிளெய்மைத் தொடருங்கள், அதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை.