எப்போதாவது ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் ஆயில் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொள்ளாச்சியில் என் வீட்டுக் கொட்டகையில் இருக்கும் பழைய போர்ஷே பாக்ஸ்டர், ஓடும் நாளைவிட நிற்கும் நாளே அதிகம். அதற்கு ஆயில் தேர்ந்தெடுக்கும் முறையை, இதே நிலையில் கார் வைத்திருக்கும் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காரின் கையேட்டைத் திறந்து, கார் நிறுவனத்தின் அங்கீகாரக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்ஷேவின் பல பெட்ரோல் எஞ்சின்களுக்கு அது ஏ40, பி.எம்.டபிள்யூவில் லாங்லைஃப்-01 போன்றவை இருக்கும். அதே குறியீடு ஆயில் கேனின் பின்பக்கத்திலும் இருக்க வேண்டும். ‘அங்கீகாரம் பெற்றது’ என்று அச்சிட்டிருந்தால் கார் நிறுவனமே அந்த ஆயிலுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது என்று பொருள்; ‘இத்தரத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்பது ஆயில் தயாரிப்பவர் தாமாகச் சொல்லிக்கொள்வது. கடையில் அவசரமாக வாங்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை என்பதால், கேனைத் திருப்பி வரிவரியாகப் படித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

அடுத்தது கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்கள். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள முதல் எண் குளிர்ந்த நிலைக்கு, பின்னால் உள்ளது சூடான நிலைக்கு; எண் கூடினால் ஆயில் கெட்டி. “நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில்தான் தாங்கும்” என்று பல ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வார்கள். நமக்குக் குளிர்காலமே இல்லையே என்று முதல் எண்ணை ஒதுக்கிவிடுவது சரியன்று. 5டபிள்யூ-40 ஆயிலின் பிசுபிசுப்பு, எஞ்சின் ஓடிச் சூடான 100 டிகிரியில் சுமார் 14 சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு). 40 டிகிரியிலோ சுமார் 80. அதாவது சித்திரை மாதக் காலையில் ஸ்டார்ட் செய்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்ந்த ஆயில்தான். அதே 40 டிகிரியில் 20டபிள்யூ-50 ஏறத்தாழ இருமடங்கு கெட்டியாக இருக்கும். வாரக்கணக்கில் நின்ற எஞ்சினில் ஆயில் கீழே வடிந்திருக்கும் நிலையில், ஸ்டார்ட் செய்த உடனே மேலேறி வரும் ஆயிலே வேண்டும் என்பதால், கையேடு அனுமதித்தால் 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக் ஆயிலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றும் வழக்கம் இத்தகைய கார்களுக்குப் பொருந்தாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் நின்றுவிட்டால் அதில் ஒரு பகுதி ஆயிலில் தங்கி, அமிலங்களுடன் சேர்ந்து பேரிங்குகளை அரிக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும்போது கொட்டகையும் காய்வதில்லை. ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை, முடிந்தால் காரை நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன்பே, ஆயிலை மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதாதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். போதாது; அது ஈரத்தைக் கூட்டவே செய்யும். டேஷ்போர்டு முள் நடுவுக்கு வந்தாலும் அது கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) வெப்பம்தான். ஆயில் சூடேற இன்னும் நேரமாகும். ஆகவே கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு வரை என்பதுபோல் நீண்ட ஓட்டமாகப் போய் வாருங்கள். ஆயில் மூடியின் உட்பக்கம் வெண்ணெய்போல் ஏதாவது படிந்திருந்தால் அது பெரும்பாலும் இந்த ஈரமே. ஆனால் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் அது திரும்ப வந்தாலோ கூலன்ட் குறைந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயிலை மாற்றும்போது, மேலிருந்து உறிஞ்சும் பம்பைவிடச் சூடான எஞ்சினின் ட்ரெயின் நட்டைத் திறந்து வடிப்பதே எனக்குப் பிடித்த முறை. அடியில் தேங்கிய கசடும் அதோடு போய்விடும். ஃபில்டரையும் நட்டின் வாஷரையும் புதிதாகப் போட்டு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு என்பதால், அதைத் தென்னந்தோப்பு வரப்பில் ஊற்றாமல், கேனில் அடைத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.